பாடு இல்லை என்றவன்

பொன்னேரி கோர்ட்டு வராந்தாவில் ஊர்த் தலைவர் சுப்பராயனைப் பார்த்ததும் முனிகிருஷ்ணன் தூணோரம் ஒதுங்கினான். சாட்சிக்கு அவரைக் கூப்பிட்டது செங்கம்மாளாகத்தான் இருக்கும்.

செங்கம்மாள் அவன் மனைவி. குழந்தை கன்னியம்மாவைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு அவள் வழக்குப் போட்டபோது, சம்மனைக் கையால் தொடாவிட்டால் வழக்கு நிற்காது என்று நம்பி ஏரிக்குள் படகைத் தள்ளிக்கொண்டு ஓடிய மகா புத்திசாலி இவன். சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இவன் இல்லாமலே தீர்ப்பாகிவிட்டது: மாதம் நாற்பது ரூபாய். கட்டவில்லை, வாரண்ட் வந்தது. அன்றிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டாலே அவன் வேறு சந்தில் புகுந்துவிடுவான்.

வக்கீல் குமாஸ்தா துளசிராமன்தான் வழி சொன்னார். "மூணு மாசத்துக்குள்ள மனு போட்டா மறுபடி விசாரிப்பாங்க. பாடு கீதான்னு கேப்பாங்க. இல்லேன்னுடு. தொகை கொறையும்."

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கித் தரும் முறைதான் பாடு. பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றுகிறவனுக்கே அது கிடைக்கும். செங்கம்மாள் போன பிறகும் முனிகிருஷ்ணன் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்து, "எம் பொண்ணுக்கு நான்தான் சோறு போடறேன்" என்று சத்தியம் செய்தே சீட்டு வாங்கி வந்தான். அதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் இதே சுப்பராயன்.

"இன்னா முனி, இப்டி வேர்த்துக்கீது?"

"ஒண்ணுமில்ல மாமா."

முனிகிருஷ்ணன் கூண்டில் ஏறினான். உண்டு என்றால் தொகை குறையாது, கட்டாத பாக்கிக்கு ஜெயில். இல்லை என்றால் ஊர் கேட்கும். வாசலில் போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"உமக்குப் பாடு உண்டா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"இல்லீங்க."

அடுத்து சுப்பராயனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"இருந்துச்சுங்க. இப்ப அவன் வாயாலயே இல்லேன்னுட்டான். அம்மனாண்ட ஒண்ணு, இங்க ஒண்ணு பேசறவனுக்கு ஊரு பாடு குடுக்காது. அந்தக் கொழந்த பேர்ல எழுதிப்புடுவோம். அவ மாமன் கோபால் வலை போடுவான்."

தொகை பாதியானது, வாரண்ட் ரத்தானது. ஜெயித்துவிட்டாய் என்று துளசிராமன் முதுகில் தட்டினார். முனிகிருஷ்ணனுக்குப் பாடு போனதுதான் உறைத்தது. ஏரியை விட்டால் அவனுக்கு என்ன தெரியும்?

அவன் முறையாக இருந்த நாள் வந்தது. விடியலில் கோபால் படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். முனிகிருஷ்ணன் கிட்டே போகவே பயந்து, தள்ளி நின்று கேட்டான்.

"வலை இழுக்கக் கூலிக்கு ஆள் வேணுமா மச்சான்?"

கோபால் நிமிரவில்லை. "பாடு என்னுதில்ல. அதோ நிக்கறாளே, அவளாண்ட கேளு."

கன்னியம்மாவுக்கு நாலு வயது. யாரோ ஒரு ஆள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து அவள் செங்கம்மாளின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள்.