இஸ்திரிப் பெட்டி ஏறாத கப்பல்

முப்பது வருடமாகத் தெருவுக்கே துணி தேய்த்துக் கொடுத்த கணவனும் மனைவியும், மகள் எடுத்துத் தந்த டிக்கெட்டில் ஐந்து நாள் கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்பினார்கள். சூட்கேஸில் கணவர் முதலில் வைத்தது இஸ்திரிப் பெட்டியைத்தான்.

"அது எதுக்குங்க?"

"கசங்கின சட்டையோட நின்னா நம்ம கடை மானம் கப்பலேறிடும்டி."

டிக்கெட்டோடு வந்த தாளைப் படித்துக்கொண்டிருந்த மனைவி, திடீரென்று கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மானம் ஏறினாலும் ஏறும், இஸ்திரிப் பெட்டி ஏறாதுங்க! தீப்பிடிக்கும்னு எடுத்துட்டு வரவே கூடாதாம்!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் மூன்று முறை படித்தார். முகம் தொங்கிப்போனது. பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"அப்போ அஞ்சு நாளும் தேய்க்கவே வேணாமா?"

"தேய்க்கவே கூடாது!"

அவ்வளவுதான். மடித்து வைத்திருந்ததையெல்லாம் உதறி, உருண்டை பிடித்து உள்ளே திணித்தார்கள். மனைவி சூட்கேஸ்மேல் ஏறி உட்கார, அவர் ஜிப்பை இழுத்தார்.

முதல் நாள் மாலை, மேல்தளத்தில் அவருடைய கசங்கிய சட்டை காற்றில் பலூன்போல உப்பியது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கால் நிற்கவில்லை, ஆடவே ஆரம்பித்துவிட்டார். மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார்.