தளத்தில் இல்லாத பூட்டுக்காரர்

அண்ணன் கடையை மூடுகிறார் என்று அண்ணி போனில் சொன்னபோது இளையவனுக்கு எரிச்சல்தான் வந்தது. தொழில் படுத்துவிட்டது என்பதை அவன் நம்பவில்லை. பூட்டுத் தொழிலாளர் சங்கத்துக்கு இணையதளம் கட்டியவன் அவன்தான், பார்த்துக்கொள்பவனும் அவன்தான். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்கள் அதில் தங்கள் பகுதியைத் தட்டினால் பக்கத்தில் இருக்கும் பூட்டுக்காரர்களின் பேரும் எண்ணும் வரும். அந்தப் பக்கத்தைத் திறக்கும் கூட்டம் மாதாமாதம் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் மதியம் கடைக்குப் போனான். கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற கடை. சாவி வெட்டும் மெஷினைக் கழற்றித் தரையில் இறக்கியிருந்தார்கள். அது இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. சுற்றிலும் பித்தளைத் தூள்.

"வா. உக்காரச் சொல்ல ஸ்டூல் இல்ல, அதுவும் போயாச்சு" என்றார் அண்ணன்.

"என்னண்ணே இவ்வளவு அவசரம்?"

"இப்பல்லாம் ஒருத்தனும் சாவியத் தொலைக்கறதில்லடா. எல்லாருக்கும் ஞாபக சக்தி பெருகிப்போச்சு. நான் ஈ ஓட்டி ஓட்டி, ஈயே சலிச்சுப்போய் வேற கடை பாத்துக்கிச்சு."

பழைய பூட்டுகளை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். "அவர் இப்படித்தான் விளையாட்டாவே பேசுவார். வருஷம் பொறந்ததுல இருந்து போனே அடிக்கல, தம்பி. ரிப்பேரோன்னு பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து நானே கூப்பிட்டுப் பாத்தேன். நல்லாத்தான் அடிச்சுது."

இளையவன் கைப்பேசியில் தளத்தைத் திறந்து அந்தப் பகுதியைத் தட்டினான். மூன்று பேர் வந்தார்கள். அண்ணன் இல்லை. மறுபடி தட்டினான். அதே மூன்று பேர்தான்.

போன வருடம் ஒரு வில்லங்கம் நடந்திருந்தது. இறந்துபோன உறுப்பினரின் போன் எண் வேறொருவன் கைக்குப் போய், அவன் பூட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாக நுழைந்துவிட்டான். அதன் பிறகுதான் இளையவன் புது ஏற்பாடு செய்தான். வருடம் பிறந்ததும் ஒவ்வொரு உறுப்பினரின் போனுக்கும் குறுஞ்செய்தியில் ஒரு ரகசிய எண் வரும். அதைத் தளத்தில் போட்டால் பேர் நிற்கும். போடாவிட்டால் தானாக மறைந்துவிடும். பொதுக்குழுவுக்கு வந்திருந்த சிலர் கை தட்டினார்கள். அண்ணன் அன்று வரவில்லை.

"வருஷ ஆரம்பத்துல உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு. அழிச்சுட்டேன்."

"ஏண்ணே?"

"ஏனா? ஆளப் பாக்காம சாவி வெட்டாதேன்னு அப்பா நமக்கு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாரா இல்லையா? முகம் தெரியாத எவனோ நம்பர் போடுங்கறான். பூட்டுக்காரனே ஏமாந்தான்னு ஊர் சிரிக்கணுமா? நம்ம ஆளுங்க பாதிப் பேர் அழிச்சிருப்பானுங்க. போன்ல வர்ற நம்பர யாருக்கும் சொல்லாதீங்கன்னு உன் சைட்லயே கொட்டை எழுத்துல போட்டிருக்கியே."

போட்டிருந்தான். அழகான சிவப்பு எழுத்தில்.

"வேலை வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"தம்பிகிட்டப் போய்ப் பொழப்பு நடக்கலைன்னு நிக்கச் சொல்றியா?"

இளையவன் வாசலுக்கு வந்து சங்கச் செயலாளரைக் கூப்பிட்டான். வெண்கலத் தொண்டை என்றுதான் அவரைச் சொல்வார்கள். போனைக் காதிலிருந்து தள்ளி வைத்தே கேட்கலாம்.

"முன்னெல்லாம் வருஷா வருஷம் நான்தானே ஒவ்வொருத்தனுக்கும் போன் போட்டு, உயிரோட இருக்கியாடான்னு திட்டிட்டு வைப்பேன். அது வேண்டாம், சைட்டே பாத்துக்கும்னு நீதான் சொன்னே. சரி, தொண்டைக்கு ஓய்வுன்னு விட்டுட்டேன். இவ்வளவு பேர் குறைஞ்சதும், பரவால்ல, தம்பி களையெடுத்துட்டான்னு நினைச்சேன்."

அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்தான், பேர்களைப் பார்க்கவில்லை. அண்ணன் பேர் நிற்கிறதா என்று பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நின்ற இடத்திலேயே மறைந்த பேர்களை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தான். உள்ளே போய் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது. அண்ணி வாளியை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா... உள்ள அடுப்பு எரியுதா? இல்லையா, அப்பப் பயமில்ல. கதவ உடைச்சிராதீங்க. நான் ஒரு நம்பர் சொல்றேன், நல்ல கைக்காரன்." மெஷினை வாங்கப்போகிறவனின் எண்ணை நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

"நீங்களே போயிருக்கலாமேண்ணே."

"எதை எடுத்துக்கிட்டு? கருவியெல்லாம் காலையிலயே அவன் தூக்கிட்டுப் போயிட்டான். மெஷினுக்குத்தான் இப்ப வண்டி வருது."

"நான் அவர்கிட்டப் பேசறேன். எல்லாத்தையும் திருப்பிடலாம்."

"வாக்குக் கொடுத்தாச்சு. அவனும் இருந்த வேலைய விட்டுட்டு வந்துட்டான். திங்கக்கிழமை நான் கிடங்குல வேலைக்குச் சேரணும், உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. என் பேரப் பாத்து ஒரு பொம்பள வாசல்ல நின்னு போன் அடிச்சுக்கிட்டே இருப்பா. பேர எடுத்துடு."

"இன்னைக்கு ஒரு நாளாவது இருக்கட்டும்ணே."

"எடுடா."

அண்ணி மறுபடி குனிந்து பூட்டுகளை அள்ளத் தொடங்கினார்.

பேரை நீக்கக் காரணம் கேட்டது தளம். இளையவன் அதில் வைத்திருந்தது இரண்டே காரணங்கள்: மரணம், ஒழுங்கு நடவடிக்கை. பிழைப்பு இல்லாமல் ஒருவர் விலகக்கூடும் என்று கட்டும்போது அவன் யோசிக்கவில்லை. அவன் தயங்குவதைக் கண்டு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"மொத காரணத்தையே போடு. ரெண்டாவது போட்டா சங்கத்துல கேவலமாப் பேசுவானுங்க."

இளையவன் போட்டான். வெளியே வண்டி வந்து நின்றது. அண்ணன் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்துக்கு வரும்படி அவனுக்குக் கண்ணைக் காட்டினார்.