வாத்துப் படம் ஒட்டிய கொக்கி

அந்த ஆண்டு பொதுக்கொள்கைப் பள்ளிக்கு வளர்ச்சியோ வளர்ச்சி. பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் ஒரு தாழ்வாரமும் ஒழுகுகிற கழிப்பறையுமாக இருந்த பள்ளி, ஒரே சேர்க்கையில் இரண்டு மடங்கு மாணவர்களை வாரிப் போட்டுக்கொண்டது. முதலில் உட்கார நாற்காலி இல்லை. நாற்காலி வந்தபோது போட இடமில்லை. பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றபடி வீட்டு வசதித் திட்டங்களைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள்.

இயக்குநர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "இடம் இல்லைங்கறது புலம்பல். இடம் எங்க வீணாகுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் கொள்கை," என்றார். அதையே செய்முறைப் பாடமாகவும் ஆக்கிவிட்டார். கட்டடத்தில் எந்த அறை எந்த நேரத்தில் சும்மா கிடக்கிறது என்று மாணவர்களே கணக்கெடுக்க வேண்டும்.

அந்த மாணவர்களில் ஒருத்தி சின்னவள். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர்; கல்லூரிக்கும் அதுவே கூட வந்துவிட்டது. அண்ணன் வீட்டில் தங்கிப் படித்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி இதே பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். அவர்களுடைய மகள் பட்டுவுக்கு இரண்டு வயது, வாய்க்கு மட்டும் இருபது. அம்மாவோடு காலையில் வந்து, தோட்டத்துப் பக்கம் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் இருந்துவிட்டு, அம்மாவோடு மாலையில் திரும்புவாள்.

கணக்கெடுப்பு முதல் நாளே சிக்கலானது. பாடம் நடக்கும் அறைக்குள் தலையை நீட்டினால் பேராசிரியர்கள் எரிந்து விழுந்தார்கள். அப்போது சின்னவள்தான் வழி சொன்னாள். கதவைத் திறக்கவே வேண்டாம். எல்லாக் கதவிலும் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கிறதே, போகிற போக்கில் எட்டிப் பார்த்தால் போதும். விளக்கு எரிந்தால் ஆள் உண்டு. இருட்டாக இருந்தால் காலி.

"உனக்குள்ள இப்படி ஒரு மூளையா? கடைசி பெஞ்சுல கனவு கண்டுட்டு இருந்தியே," என்றான் கூடப் படிக்கும் கால்குலேட்டர். டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட நேற்றைய டீயோடு ஒப்பிட்டுச் சதவீதம் சொல்பவன் அவன்.

கணக்கு கச்சிதமாக வந்தது. பின்பக்கத் தாழ்வாரத்தின் கடைசி அறை எந்த மதியம் போனாலும் இருட்டு. காலையிலும் முக்கால்வாசி நேரம் இருட்டு. இயக்குநர் அந்த முடிவை மேலிடத்துக்குக் கொண்டுபோய்ப் பேசினார். பருவம் முடிவதற்குள் அறை பள்ளியின் கைக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அண்ணி முகம் வாடி வீட்டுக்கு வந்தாள்.

"காப்பகத்துல ஒரு ரூமை யாரோ பிடுங்கிட்டாங்களாம். பொடிசுங்களைத் தூங்க வைக்கத் தனி ரூம் இல்லைன்னா மதியத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாதாம். பன்னெண்டு மணிக்கு வந்து தூக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க."

"அப்ப உன் வேலை?" என்றான் அண்ணன்.

"அரை நாள்தான். தலைமை டெக்னீஷியன் வேலை எனக்குத்தான்னு சொல்லிட்டு இருந்தாங்க. அரை நாள் ஆளுக்கு யாரு குடுப்பா?"

"அநியாயம் அண்ணி," என்றாள் சின்னவள், சோற்றை மென்றுகொண்டே. மனசாரத்தான் சொன்னாள்.

புது அறையில் முதல் வகுப்பு நடந்த அன்று வெள்ளைப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. புத்தம் புது மேசைகள், கம்ப்யூட்டர்கள். உட்கார இடம் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல இருந்தார்கள். சின்னவள் சார்ஜர் செருகக் குனிந்தாள். சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாகக் கொக்கிகள். யாரோ ஏற்கெனவே அவற்றில் வயர்களைச் சுற்றி மாட்டியிருந்தார்கள்.

"இவ்ளோ கீழ யாருடா கொக்கி அடிச்சான், குள்ளர்களா?" என்று கால்குலேட்டர் சிரித்தான்.

மூன்றாவது கொக்கிக்கு மேல் பெயின்டுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு வாத்து தெரிந்தது.

வீட்டில் பட்டு தினமும் சொல்வாள். "என் பை வாத்துக் கொக்கிலதான் மாட்டுவேன்." சாவிக் கொத்து மாட்டும் ஆணியைக்கூட வாத்து இல்லை என்று நிராகரித்தவள் அவள்.

பட்டுவைக் கொண்டுவந்து விட எத்தனையோ முறை சின்னவள் காப்பகத்துக்கு வந்திருக்கிறாள், தோட்டத்து வாசல் வரைக்கும். அதன் பின்னறை இந்தத் தாழ்வாரத்தில் வந்து முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. தூங்குகிற பிள்ளைகளுக்கு யார் விளக்குப் போட்டு வைப்பார்கள்? இருட்டில் வரிசையாகப் படுத்திருந்த பொடிசுகளைக் கண்ணாடி வழியே பார்த்து, காலி என்று எழுதிவிட்டு நடந்திருக்கிறாள். அதில் ஒன்று பட்டு.

அதற்குப் பிறகு வீட்டில் சாப்பிடுவதே தண்டனையாகிவிட்டது. அரை நாள் வேலை என்பதால் அண்ணி விதவிதமாகச் சமைத்தாள். "நல்லா சாப்பிடு, மூளைக்கு வேலை குடுக்கறவ நீ," என்று தட்டில் அள்ளிப் போட்டாள். சில நாள் திட்டவும் செய்தாள். "எவனோ ஒரு அதிமேதாவி எட்டிப் பார்த்துட்டு, ரூம் காலின்னு சொல்லிட்டானாம். கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு அவனுக்கு?"

அவன் என்று அண்ணி சொல்லச் சொல்ல, அந்த 'அவனு'க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சின்னவள் சோற்றை விழுங்கினாள். நாளைக்குச் சொல்லிவிடலாம், பரீட்சை முடியட்டும், அண்ணியின் தலைவலி சரியாகட்டும் என்று மாதங்கள் ஓடின. பள்ளி மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

ஆண்டு நிறைவு விழா நெருங்கியபோது இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். அவள் சொன்ன முறையைப் பல்கலைக்கழகம் முழுக்கக் கொண்டுபோகிறார்களாம். அவள்தான் பொறுப்பு. தினமும் மதியம் கூட்டம்.

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டு விழும், அறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று ஏதேதோ எதிர்பார்த்தாள்.

இயக்குநரின் கண்கள் பளபளத்தன. "பிரமாதம்மா. இதைவிட நல்ல பாடம் எங்க கிடைக்கும்? விதியில 'கதவைத் தட்டவும்'னு சேர்த்துடு. இந்தக் கதையை அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு வகுப்புல வச்சிடலாம்."

"அந்த அறை, சார்?"

"அது முடிஞ்சு போனது. அடுத்தது சரியா பண்ணுவோம்."

அவள் வெளியே வந்தாள். பள்ளி எவ்வளவோ வளர்ந்துவிட்டது, அவளுடைய குற்றத்தைக்கூடப் பாடமாக்கி விழுங்கும் அளவுக்கு.

விழா அன்று குடும்பங்களுக்கும் அழைப்பு. அண்ணன் புதுச் சட்டையில் வந்து, வந்த வேலையை விட்டுவிட்டுப் பள்ளியின் லிஃப்ட்டில் மேலும் கீழும் போய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணி புது அறை வாசலில் நின்றாள். பட்டு அவள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடி, மேசைக்கு அடியில் புகுந்து, தன் குட்டிப் பையை எங்கோ மாட்டப் பார்த்தாள். வயர்கள் இடம் விடவில்லை.

"என் வாத்து," என்றாள் அதட்டலாக. "வயரை எடு, மாமா." கால்குலேட்டர் பயந்து எடுத்துவிட்டான்.

அண்ணி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஓ. இதுதானா அது?"

"அண்ணி, அந்த அதிமேதாவி நான்தான்," என்றாள் சின்னவள். "விளக்கு இல்லைன்னா ஆள் இல்லைன்னு எழுதச் சொன்னது நான். இந்த ரூமை எட்டிப் பார்த்ததும் நான்தான்."

அண்ணி கொக்கியில் தொங்கிய குட்டிப் பையைப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"முதல் வகுப்பு அன்னிக்கே."

"தப்பா எழுதினதை மன்னிச்சிடுவேன். அதுக்கப்புறம் நான் போட்ட சோத்தைத் தின்னுட்டே நான் அவனைத் திட்டறதைக் கேட்டுட்டு இருந்தே பாரு, அதைத்தான் முடியல." அண்ணியின் குரல் உயரவே இல்லை. "அந்தத் தலைமை வேலை போன வாரம் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. உங்க அண்ணன்கிட்டகூட இன்னும் சொல்லலை."

சின்னவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அண்ணி தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து பன்னெண்டு மணிக்கு நீ வந்து இவளைக் கூட்டிட்டுப் போ," என்றாள் அண்ணி. "நான் முழு நாள் வேலைக்குப் போறேன்."

மதியக் கூட்டத்தைப் பற்றிச் சின்னவள் சொல்லவில்லை. "சரி அண்ணி," என்றாள்.

மறுநாள் மதியம் பட்டுவை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறூட்டி, திரையை இழுத்து விளக்கை அணைத்தாள். "கதவு," என்றாள் பட்டு. அதையும் மூடினாள். குழந்தை அவள் கைமேல் தலையை வைத்துத் தூங்கிப்போனது. கை மரத்தது. எடுக்கவில்லை. கால்குலேட்டரிடமிருந்து செய்தி வந்தது: 'எங்க இருக்க? உன் சீட் காலியா இருக்கு, சார் கேக்கறாரு.' செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வாசலில் கூரியர்காரர் கதவைத் தட்டினார். ஜன்னல் பக்கம் வந்து கையைக் குவித்துக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். அவருடைய நிழல் திரையில் விழுந்து நின்றது.

"உள்ள யாரும் இல்ல போல," என்று போனில் யாரிடமோ சொன்னார்.

இருக்கிறோம் என்று சொல்லச் சின்னவள் வாயைத் திறந்தாள். பட்டு புரண்டு முனகினாள். சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.