இரண்டு தடவை எண்ணிய தவறுகள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் தங்கையின் கதை. தன் பொறாமையைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, இப்படியொன்று எனக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. உடனே எழுத உட்கார்ந்தேன்.

"மழை பிடித்துக்கொண்ட ஒரு…"

வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

தங்கை, கணினியின் மூளையான பிராசஸரை வடிவமைப்பவள். அவள் பிரிவு, கிளைக் கணிப்பு. நிரலில் வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், எந்தப் பக்கம் என்று தெரியும்வரை பிராசஸர் கைகட்டி நிற்காது. ஒரு பக்கத்தை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தப்பினால் செய்ததெல்லாம் குப்பை, திரும்பி வரவேண்டும்.

(சரியான ஊகம் அரை சதவீதம் கூடினால் என்ன பெரிய லாபம் என்று கேட்டேன். "ஒரு நொடிக்குள்ள எத்தனை கோடி கிளை வரும்னு தெரியுமா உனக்கு?" என்று எரிந்து விழுந்தாள்.)

அதே பிரிவில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி சின்னவளும் இருக்கிறாள். வேலைக்குச் சேர்த்துவிட்டதே தங்கைதான். இப்போது மாமியார் முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் சின்னவள்தான் செல்லம். போதாக்குறைக்கு இருவருக்கும் ஒரே வீடு, ஒரே கார்.

3

புதிய சிப்புக்கு இருவரும் ஆளுக்கொரு வடிவம் செய்திருந்தார்கள். தங்கையுடையது நூற்றுக்கு 97.1 தடவை சரியாக ஊகித்தது, சின்னவளுடையது 96.8. ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்க வேண்டும். தங்கை குஷியாக உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் குஷி வடிந்துவிட்டது. தப்பிய ஊகங்களில் சிலவற்றைச் சின்னவள் இரண்டு தடவை எண்ணியிருந்தாள். திருத்தினால் 97.6.

தங்கை திரையை மூடிவிட்டு, ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள்.

4

கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: "சின்னவங்க கணக்கை நீங்கதானே பார்த்தீங்க? சரியா இருக்கா?"

'"இல்ல சார். அவளோடதுதான் நல்லது" என்றாள்' என்று எழுதி, போனில் அவளுக்கே பெருமையாகப் படித்துக்காட்டினேன். "நிறுத்து" என்றாள்.

"என்னம்மா?"

"'சரியா இருக்கு'ன்னு சொன்னேன், அண்ணா."

5

தங்கையின் வடிவமே தேர்வானது. மூன்று வாரம் கழித்து, இனி மாற்றமுடியாது என்றான பிறகு, கார் நிறுத்துமிடத்தில் சின்னவளிடம் உண்மையைச் சொன்னாள்.

சின்னவள் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "தப்பா எண்ணினது நான்தானே அக்கா? போகட்டும். பேரு நம்ம வீட்டுக்குத்தானே வந்துச்சு" என்றாளாம். பிறகு காரை ஓட்டியதும் அவள்தான்.

"திட்டியிருக்கலாம்ல? அதுலயும் என்னைவிட ஒரு படி மேல போயிட்டா!" தங்கை போனில் அழுதாள்.

6

"நீ எழுதினபடியே விட்டுடு. அதுலதான் நான் நல்லவளா இருக்கேன்" என்கிறாள் தங்கை.

நான் எழுதிய பதிலை அழிக்கவும் மனமில்லை, அப்படியே விடவும் மனமில்லை. அவள் சொன்னது, நான் எழுதியது, இரண்டையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன். எதை வைத்துக்கொண்டாலும் சின்னவளிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். "அக்காவை ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க அண்ணா" என்று மனதாரச் சொல்லிவிடுவாள்.

தங்கை தாங்கமாட்டாள்.