மண் தூசி

மூன்று பேருடைய வேலைகளையும் கேலரியின் பெரிய அறையில் ஒன்றாக வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஓவியர்தான். அவர் வரைந்த படங்கள், மனைவி செய்த பீங்கான் ஜாடிகள், தங்கை ஊதிய கண்ணாடிக் கிண்ணங்கள். இன்னொரு கண்காட்சிக்குத் தன் நுரையீரல் இடம் கொடுக்காது என்பது அவருக்குத் தெரியும். கேலரிக்காரியிடம் அதைச் சொல்லவில்லை. குடும்பமாக ஒருமுறை வைத்துப் பார்க்கலாமே என்று மட்டும் கேட்டிருந்தார்.

கல்யாணமானதிலிருந்து கணவனும் மனைவியும் ஒரே அறையில்தான் வேலை செய்தார்கள். ஜன்னலோரம் அவர் வரைவார். உள்பக்கம் அவளுடைய மண் வனையும் சக்கரம். ஒருமுறை சுட்டெடுத்த ஜாடிகளை அவள் உப்புத்தாளால் தேய்ப்பாள். மாவு மாதிரி தூசி பறக்கும். அவள் முகமூடி கட்டிக்கொள்வாள். அவரையும் கட்டச் சொன்னால், வீட்டுக்கு ஒரு கொள்ளைக்காரி போதும் என்று சிரிப்பார். குளிர் நாட்களில் ஜன்னலையும் சாத்திவிடுவார்கள்.

சளி என்று நினைத்த இருமல் விட்டபாடில்லை. கடைசியில் மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கல்லுடைக்கிற வேலையா என்று கேட்டார். ஓவியர் இல்லையென்று தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குத்தான் அது தன் ஜாடிகளின் தூசி என்று விளங்கியது. அவளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவள் நெஞ்சு சுத்தமாக இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து நாத்தனார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணனைப் பார்க்க வருவாள், கூடத்தில் இருந்துவிட்டுப் போய்விடுவாள்.

பொருட்களை அடுக்கும் நாளன்று மூவரும் ஒரே இடத்தில் இருக்கவேண்டி வந்தது. ஓவியர் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியின் நிறம் ஜாடிகள்மேல் விழுந்தால் அழகாயிருக்கும் என்று கேலரிக்காரி இரண்டையும் ஒரே மேடையில் கலந்து வைத்திருந்தாள். நாத்தனார் வந்ததும் தன் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுகோடிக்குக் கொண்டுபோனாள்.

"அந்த ஜாடிங்க பக்கத்துல என்னுது எதுவும் இருக்க வேணாம்."

அண்ணி தன் ஜாடிகளைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

"அதை அங்கயே வை," என்றார் ஓவியர். பிறகு தங்கையைப் பார்த்தார். "முகமூடி போடாதது நான்தானே. அவ சொல்லாத நாளில்ல."

"நீ கேக்கலேன்னா அவங்க வெளியில போய்த் தேச்சிருக்கலாமே, அண்ணா. அந்தத் தூசி என்ன பண்ணும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

ஓவியர் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது. அது அடங்கும்வரை இரண்டு பெண்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"தெரியும்," என்றாள் அண்ணி. "வெளியில தனியா உக்காரணும். இவரு பக்கத்துல இருந்தா எனக்கு நல்லாருந்துச்சு. அதான் போகல."

நாத்தனார் காலிப் பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்கு அவளிடம் அதற்குமேல் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் கிண்ணங்களைத் திரும்பக் கொண்டுவரவில்லை. மேடையின் ஒரு கோடியில் கண்ணாடி, மறுகோடியில் பீங்கான், நடுவில் வெறும் பலகை என்றே கண்காட்சி திறந்தது. அந்த இடைவெளி ரொம்பப் பிரமாதம் என்று வந்தவர்களில் ஒருவர் ஓவியரின் கையைப் பிடித்துப் பாராட்டினார். ஆமாம், நிறைய யோசித்து வைத்தது என்றார் ஓவியர்.

திறப்பு நாளுக்குப் பிறகு அவர் கேலரிக்கு வரவில்லை. கண்காட்சி முடிவதற்குள் இறந்துபோனார்.

படங்களை இறக்குவதற்கு அண்ணி தனியாக வந்தாள். பெரிய படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சட்டம் ஒருபக்கம் சாய்ந்தது. தன் கிண்ணங்களை எடுக்க வந்திருந்த நாத்தனார் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் அதைப் பக்கவாட்டில் திருப்பி, கதவில் இடிக்காமல், வாசலில் நின்ற வேன்வரை சுமந்தார்கள். போர்வை சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

"சாப்பிட்டீங்களா, அண்ணி?"

"இல்ல."

நாத்தனார் தலையசைத்தாள். பிறகு தன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் நடந்தாள். அவர் போன பிறகு அந்த வருஷம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அண்ணி மறுபடி சக்கரத்தில் உட்காரவில்லை.