முன் நாற்காலி

அந்த அழகு நிலையத்தில் நாற்காலிகள் நான்கு. அதில் மூன்று சும்மா நாற்காலிகள். தெருப்பக்கக் கண்ணாடியை ஒட்டிப் போட்டிருக்கும் முதல் நாற்காலிக்குத்தான் மரியாதையெல்லாம். அங்கே நின்று வேலை செய்கிறவளைத் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். ஆகவே கடையில் யார் தலை லட்சணமாக இருக்கிறதோ அவளுக்குத்தான் அந்த இடம் என்பது முதலாளியம்மாவின் சட்டம். "நம்ம தலைதான்டி நமக்கு போர்டு" என்பாள்.

பல வருடமாக அந்த இடம் சடையக்காவுக்குத்தான். இடுப்பைத் தொடும் சடைக்காகவே கடையில் வைத்த பெயர் அது. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "உங்க முடி மாதிரி என் முடி ஆகுமா?" என்றுதான். சடையக்கா சிரித்துக்கொண்டே, "பாக்கலாம்" என்பாள். மனதுக்குள், ஆகாது என்று நன்றாகத் தெரியும். அந்தத் தெரிதலில் ஒரு சுகம் இருந்தது.

பிள்ளை பெற்று, லீவு முடிந்து, வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில் முடி, குளியலறைத் தரையில் முடி, புருஷன் தட்டில் முடி. ஒருநாள் பிள்ளை வீறிட்டு அழுகிறதே என்று பார்த்தால், அதன் கால் விரலில் இவள் முடி ஒன்று இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை மெதுவாகப் பிரித்தெடுத்த புருஷன், "இனிமே உன்னைத் தேடணும்னா முடியைப் பொறுக்கிக்கிட்டே வந்தா போதும்" என்று சிரித்தான். அன்றைக்கு அவன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கொட்டாமல் தங்கிவிட்ட முடியெல்லாம் பிறந்தபிறகு சேர்ந்து கொட்டும், ஒரு வருடத்தில் திரும்ப வந்துவிடும், பயப்படாதீர்கள் என்று எத்தனை பேருக்கு இதே வாயால் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மாவும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னார். அடுத்தவர் தலைக்குப் பொருந்திய ஆறுதல் தன் தலைக்குப் பொருந்தவில்லை. சீவினால் கொட்டுகிறது என்று சீவுவதை விட்டாள். அலசினால் கொட்டுகிறது என்று அலசுவதையும் விட்டாள். இந்தத் தொழிலில் இருக்கிறவள் செய்யக்கூடாத முட்டாள்தனம். விழ வேண்டிய முடி விழாமல் போகாது, தேங்கி நின்று மொத்தமாக விழும்.

விழுந்தது. திங்கட்கிழமை காலையில் கடைக்குக் கூட்டம் வராது. அந்த நேரத்தில் ஒருத்திக்கு ஒருத்தி தலை அலசி, வெட்டி, சாயம் பூசிக்கொள்வது அங்கே வழக்கம். சடையக்கா தலையை வற்புறுத்தி அலசியவள் நெட்டை. சடையக்காவிடம் வேலை பழகி, இப்போது பக்கத்து நாற்காலியில் நிற்பவள். நெட்டையின் இரண்டு கையிலும் கொத்துக் கொத்தாக முடி வந்தது. எங்கிருந்தோ முதலாளியம்மாவும் வந்து நின்றுவிட்டாள்.

"கொஞ்ச நாளைக்குப் பின்னாடி, தலை அலசுற பேசின் பக்கம் இரும்மா" என்றாள் முதலாளியம்மா. "முடி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் நெட்டை முன்னாடி நிக்கட்டும்."

தன்மையாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அன்றிலிருந்து சடையக்காவுக்குக் கை வேலையில், கண்ணோ முன் நாற்காலியில். யாரோ ஒருத்தியின் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டே, நெட்டையின் முதுகில் சடை ஆடுவதைப் பார்ப்பாள். என்ன கொழுப்பு அந்தச் சடைக்கு! நெட்டை குனிந்தால் அது முன்னால் விழும், நிமிர்ந்தால் பின்னால் போகும். அகலமான ஹேர்பேண்ட் ஒன்று வேறு, எப்போதும் தலையில், மகாராணி கிரீடம் மாதிரி. ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்த கையோடு, "உங்க முடி மாதிரி என் முடி ஆகுமா?" என்று கேட்டாள். சடையக்கா கை நழுவி, பேசினில் தலை சாய்த்திருந்தவள் காதுக்குள் தண்ணீர் போய்விட்டது.

நெட்டை நல்லவளாக இருந்தது இன்னொரு தொல்லை. சடையக்கா நின்ற இடத்தில் விழுந்து கிடக்கும் முடியை, யாரும் பார்க்குமுன் பெருக்கி எடுத்துவிடுவாள். அவித்த முட்டை கொண்டுவந்து, "முடிக்கு நல்லதுக்கா" என்று நீட்டுவாள். இரக்கப்படுகிறாளாம் இரக்கம், என்று முட்டையை முழுங்குவாள் சடையக்கா. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் கண்ணுக்குள் அந்தச் சடைதான் ஆடியது. அந்தச் சடை இல்லாவிட்டால் முன் நாற்காலி தனக்குக் கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஆனாலும் அது இருக்கக் கூடாது.

அடுத்த திங்கட்கிழமை சொன்னாள்.

"உன் முகத்துக்கு இந்த நீளம் எடுப்பா இல்லடி. தோளோட வெட்டிவிட்டா அம்சமா இருக்கும்."

நெட்டை கண்ணாடி வழியாக அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "உண்மையாவாக்கா?"

"நான் உனக்குப் பொய் சொல்லுவேனா?"

"சரி. நீங்களே வெட்டுங்க."

நெட்டை முன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெட்டுமுன் தலை முழுவதையும் சீவி, உச்சியிலிருந்து வகிடு வகிடாகப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. அன்று அவள் பார்க்கவில்லை. அந்த அடர்த்தியை விரலால் தொட்டுப் பார்க்கப் பிடிக்கவில்லை. சடையை அவிழ்த்து, மேல்முடியை ஹேர்பேண்டோடு அப்படியே சுருட்டிக் கிளிப்பில் மாட்டிவிட்டு, பிடரிப் பக்கம் தொங்கியதைத் தண்ணீர் அடித்துப் பிடித்து, தோளுக்கு நேராகக் கத்திரியை வைத்தாள். முடி கத்திரிக்குள் கறகறவென்று நொறுங்கியது. நீளநீளமாகத் தரையில் விழுந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளிப்படையாகச் சொன்னால், பிள்ளை பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

பின்பக்கம் முடித்துவிட்டு, கிளிப்பை எடுத்தாள். ஹேர்பேண்டைக் கழற்றினாள்.

வகிட்டின் இரண்டு பக்கமும், நெற்றியோரம் முழுக்க, விரல் நீளத்துக்குக் குட்டை முடி விறைத்து நின்றது. வெட்டுப்பட்ட முடியோ அறுந்த முடியோ இல்லை. நுனி மெலிந்து, வேரிலிருந்து புதிதாக முளைத்து வந்த முடி. இப்படி ஒரு தலையை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். எல்லாம் பிள்ளை பெற்றவர்களின் தலை, இல்லையென்றால் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்து பிழைத்தவர்களின் தலை. இவ்வளவு வளர்ந்திருக்கிறதென்றால் கொட்டி முடிந்து மாதக்கணக்காயிற்று. அப்படியென்றால் நெட்டைக்குக் கொட்டியது, சடையக்கா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது. இந்த ஹேர்பேண்ட் வந்ததும் அப்போதுதான்.

"உனக்கு எப்போடி கொட்டுச்சு?"

"போன வருஷம்."

"காமாலைன்னு லீவுல போனியே, அதுலயா?"

நெட்டை மடியில் கிடந்த ஈர முடியைத் தட்டிவிட்டாள். "காமாலை இல்லக்கா. வயித்துல நாலு மாசம். தங்கல."

"ஏன்டி சொல்லல? என்கிட்டகூட?"

"அந்த வாரம்தான் நீங்க எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தீங்க. டாக்டர் உறுதியா சொல்லிட்டாருன்னு. எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருந்தீங்க."

சடையக்கா கத்திரியை மேசையில் வைத்தாள். தரையில் கிடந்த முடியைப் பார்க்க முடியவில்லை, எதிரே கண்ணாடியில் இருந்த முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"நான் உன் முகத்துக்காகச் சொல்லலடி" என்றாள். "எனக்குப் பொறுக்கல. அதான் வெட்டச் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன்டி உக்காந்த?"

நெட்டை மடியில் மிச்சமிருந்த முடியைக் கைக்குள் சேர்த்தாள். பேசினில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு உங்க தலைய அலசினேன்ல. கை நிறைய வந்துச்சு. எனக்குக் கொட்டினப்போ நான் அதை யாருக்கும் காட்டல. பாத்ரூம்ல உக்காந்து பொறுக்கி, பேப்பர்ல சுத்தித் தூக்கிப் போட்டேன். உங்களுக்குன்னா, கொட்டினாலும் வீட்டுல பிள்ளை இருக்கு. மிச்ச முடியப் பிடிச்சு இழுக்கவாவது ஒண்ணு இருக்கு. என் கையில அவ்வளவு முடியப் பாத்ததும் எனக்கு நல்லா இருந்துச்சுக்கா. முதலாளியம்மா தானா வரல. கண்ணக் காட்டி நான்தான் கூப்பிட்டேன்."

சடையக்காவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து, "பாவி" என்று ஒரு சொல்தான் வந்தது. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அழுகை வந்தது. நெட்டையின் உச்சியில் நின்ற அந்தக் குட்டை முடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அது படியவில்லை.

வெளியே யாரோ கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, கதவுப் பக்கம் வந்தார்கள். நெட்டை மேசையிலிருந்து கத்திரியை எடுத்து, தோளுக்குமேல் பின்னால் நீட்டினாள்.

"முன்பக்கத்தையும் வெட்டிடுங்கக்கா. பாதியில விட்டா நம்ம ரெண்டு பேருக்கும்தான் அசிங்கம்."