எல்லாரையும் பாருங்க

நடைமேடையில் அத்தனை பேர் போய்க்கொண்டிருக்க, போலீஸ்காரரின் விரல் நேராக அப்பாவிடம் வந்து நின்றது. மகளுக்குச் சுருக்கென்றது. பெயின்ட் கறை படிந்த வேலை உடுப்பைப் பார்த்துத்தான் தினமும் அவரை நிறுத்துகிறார்கள் என்று நம்பி, இன்றைக்கென்றே புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். சட்டையை யார் பார்த்தார்கள், அவர்கள் பார்ப்பது முகத்தை. அவள் பட்டம் வாங்குவதை அப்பா பார்க்க வேண்டுமானால் எதிரே நிற்கும் ரயிலை விடக்கூடாது. அடுத்தது மதியம்தான்.

கேட்பதற்கு முன்பே அப்பா அடையாள அட்டையை நீட்டினார். கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், தினம் இவரையே பாக்கறீங்களே, இதுவரைக்கும் என்ன கிடைச்சுது?"

"கிடைக்கணும்னு இல்லம்மா. நாங்க பாக்கறோம்னு தெரிஞ்சாலே தப்பு பண்றவன் பயப்படுவான். எல்லாரோட பாதுகாப்புக்கும்தான்."

"எவனும் பயந்த மாதிரி தெரியல. எங்கப்பாதான் பயப்படறார்."

"கம்முனு இரும்மா," என்றார் அப்பா, வாயசைக்காமல். "வண்டி போயிடும்."

போலீஸ்காரர் கைக்கருவியில் எண்களைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பின்னாலிருந்து சாப்பாட்டுப் பையோடு ஒரு அம்மாள் வந்து நின்றாள். "எல்லாரோட பாதுகாப்புன்னா எல்லாரையும் பாருங்க தம்பி. எங்கிட்டயும் அட்டை இருக்கு. வாங்கி வருஷக்கணக்காச்சு, ஒரு பய கேட்டதில்ல."

அவளுக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர். அப்புறம் இரண்டு கல்லூரிப் பெண்கள். என்ன ஏதென்று தெரியாமலே சிலர். வரிசை டீக்கடையைத் தாண்டி வளைந்தது.

"உங்களையெல்லாம் கேக்கல, போங்க."

"ஏன் கேக்கல?" என்றார் டை கட்டியவர், மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல.

போலீஸ்காரருக்கு வேர்த்தது. ரயில் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் விசில் கேட்கவில்லை. மகள் பதறித் திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் ரயில் கார்டு, பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"நான் ஏறாம வண்டி எங்கம்மா போகும்," என்றார் அவளிடம். "மெதுவா பாக்கட்டும்."

"நீங்க போலாம் பெரியவரே," என்று போலீஸ்காரர் அட்டையை அப்பா கையில் திணித்தார். அப்பா ரயிலை நோக்கி நடந்தார். பாதியில் நின்றார். வரிசையைத் தலையிலிருந்து வால்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி நடந்து, கார்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"இன்னொரு தடவை பாத்துக்கட்டுமே. இன்னிக்குத்தான் துணைக்கு ஆள் இருக்கு."

அவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் அவருக்குப் பின்னால் நின்று கைப்பையில் அட்டையைத் தேடினாள். தூரத்தில் எஞ்சின் ஓட்டுநர் இடுப்புவரை வெளியே சாய்ந்து, கண்களுக்கு மேல் கையை வைத்து, பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.